கம்பெனிக் கண்ணுக்கு வைத்த சந்தனம்

எங்கள் அழகையா மாமாவைப் போல ஒரு சிடுமூஞ்சி நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரைக்கும் கிடையாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் ஆட்கள் நின்றுகொண்டே வருவார்கள். "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டால், "இல்லேன்னா நீ ஆக்கிப் போடப் போறியா?" என்பார். ஒருமுறை அவருடைய இரண்டு செருப்பிலும் வெல்லப் பாகு மாதிரி ஒட்டுகிற கித்துள் பாணியை ஊற்றி வைத்தேன். அன்றைக்கு அவர் பேசிய சொற்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நான் அதிகம் பாடப் புத்தகம் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மாமாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. கொழுந்து வாட்டும் மாடியில் ஏழு பெரிய காற்றாடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். ஏழையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்ப்பது என்றால் தொடுவது. உள்ளங்கையை மோட்டாரின் மேல் வைத்து எண்ணுவார். ஐந்து எண்ணுவதற்குள் கை தாங்காவிட்டால், நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையில் ஒரு மோட்டார்கூடக் கருகியதில்லை. மனிதர்களிடம் காட்டாத பொறுமையை அவற்றிடம் காட்டுவார். ஏன் என்று கேட்டேன். "அதுங்களுக்கு வாயில்ல. ஒனக்கு வாய் மட்டுந்தான்" என்றார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெக்டரியில் எல்லாரும் சரஸ்வதி பூசைக்கு மட்டும் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பார்கள். மாமா வெள்ளிக்கிழமை தவறாமல் வைப்பார். சுவிட்ச் பெட்டி, ஏணி, எண்ணெய்க் கேன் எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். வைத்ததைத் துடைக்கக் கூடாது. அது காய்ந்து தானாக உதிர வேண்டும்.

போன செப்டெம்பரில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ரைஸ் குக்கரிலிருந்து ரயில் எஞ்சின் வரைக்கும் செய்கிற பெரிய கம்பெனி அது. ஆராய்ச்சிக்கென்றே தனி ஆட்கள் வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் என்னென்ன கண்டுபிடித்தோம் என்று வருடா வருடம் தடித்த புத்தகம் போடுவார்களாம். இந்தத் தடவை அவர்கள் கொண்டுவந்தது ஒரு சாம்பல் நிறப் பெயின்ட். பூசினால் மோட்டாரின் சூட்டை வெளியே தள்ளிவிடுமாம். ஐந்தாம் நம்பர் மோட்டாருக்கு அதைப் பூசி, எதிரே ஒரு கம்பியில் தீப்பெட்டி அளவு கருவியைப் பொருத்தினார்கள். அதன் முகத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. தொடாமலே சூட்டை அளந்து கொழும்புக்கு அனுப்பிவிடும்.

கூட வந்த எஞ்சினியர் ஜனார்த்தனன் யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, இனி நீங்கள் கை வைக்கத் தேவையில்லை. இது பார்த்துக்கொள்ளும்" என்றார்.

"அப்ப நான் என்னா செய்யிறது? ஒங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இருக்கிறதா?"

"கை பிழை விடும் அண்ணை. இது விடாது."

மாமா அன்று முழுக்க அந்தக் கருவியை முறைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் ஒக்டோபரில் சரஸ்வதி பூசை வந்ததும் அதற்கும் பொட்டு வைத்தார். பகையாளி வீட்டுப் பிள்ளை என்றாலும் வேலை செய்கிற பிள்ளைதானே. கண்ணாடியின் நட்டநடுவில் வைத்தார். வேறு எங்கே வைப்பது? அதற்கு இருந்த முகமே அவ்வளவுதான். சாப்பாடு கொண்டுபோன நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் புதுச் சந்தனம். கம்பெனியிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. குளிர் அறையில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச்சில் புத்தகம் வந்தது. எழுபது, எண்பது பாகை சுட்ட மோட்டார் இப்போது நாற்பதைத் தாண்டுவதில்லையாம். முதல் மாதம் மட்டும் பலன் இல்லையாம். பெயின்ட் இறுகிப் பழக ஒரு மாதம் பிடித்ததாம். கூடவே பெக்டரிப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஏறியது: ஏழு மோட்டாருக்கும் அந்தப் பெயின்ட்; ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து மோட்டார் பார்க்க ஆள் தேவையில்லை.

மாமா டீமேக்கர் ராஜலிங்கம் ஐயாவிடம் போனார். பெக்டரியை நடத்துவது அவர்தான்.

"கை வச்சுப் பாருங்க ஐயா. கொதிக்குது."

"புத்தகத்துல நாப்பதுன்னு போட்டிருக்கு அழகையா. ஒன் கைய புத்தகத்துல போடல."

"அப்ப நான் எங்க போறது?"

"மலையில புல்லு வெட்டப் போ."

ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து மாமாவுக்கு வலது முழங்கால் மடங்காது. அது ராஜலிங்கம் ஐயாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அந்த வாரம் கண்டியில், வாவிக்குப் பக்கத்து ஹோட்டலில், தோட்டத் துரைமார்களுக்குக் கம்பெனி கூட்டம் வைத்தது. பழைய முறைக்கு எடுத்துக்காட்டாக மாமாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் துணை என்று சொல்லி நானும் வேனில் ஏறிக்கொண்டேன். உண்மையில் பகல் சாப்பாடு இலவசம்.

திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கி ஓடியது. ஜனார்த்தனன் அதைக் காட்டிச் சொன்னார்: "ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில சூடு சடாரெண்டு இறங்குது. பிறகு மெல்ல ஏறுது. பூச்சு தன்னைத்தானே புதுப்பிச்சுக்கொள்ளுது."

"என்னா நாள்ல சார்?" மாமா இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"வெள்ளிக்கிழமைகளில."

மாமா என் பக்கம் குனிந்தார். என் காதில், "அடியே, அது என் சந்தனம்டி" என்றார்.

"சும்மா இருங்க மாமா. ஆராய்ச்சியக் கெடுத்தாருன்னு ஒங்களத்தான் புடிப்பாங்க."

"சும்மா இருந்தா மட்டும் வேலைய குடுப்பானுங்களா?"

கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சார், அது ஒங்க பெயின்ட் இல்ல. அந்தக் கண்ணாடிக்கு நான் வச்ச பொட்டு."

மண்டபமே சிரித்தது. ஜனார்த்தனன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணை, இது ஆராய்ச்சி. கோயில் இல்லை."

"ஒங்க கண்ணுல சந்தனத்த அப்பிக்கிட்டு நில்லுங்க. எதிர்ல நெருப்ப மூட்டுறேன். தெரியுதான்னு பாப்போம்."

ராஜலிங்கம் ஐயா அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். சாப்பாடும் கிடைக்கவில்லை.

ஆனால் மறுநாள் காலையிலேயே ஜனார்த்தனன் பெக்டரிக்கு வந்துவிட்டார். ஏணியில் ஏறி, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். கையிலிருந்த போனில் முப்பத்தொன்பது என்றிருந்தது எண்பத்தொன்று ஆனது.

"கைய வைங்க சார்" என்றார் மாமா. "வச்சிட்டு அஞ்சு எண்ணுங்க."

ஜனார்த்தனன் மோட்டாரில் கை வைத்தார். மூன்றில் இழுத்துக்கொண்டார். உள்ளங்கை சிவந்திருந்தது. மாமா சுவிட்சை இறக்கினார். "பத்து நிமிஷம் ஆறட்டும்" என்றார், மோட்டாரிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

நோட்டீசைக் கிழித்தார்கள். மாமாவின் வேலை மாமாவிடமே இருந்தது. அதே கையோடு, கம்பெனிக் கருவியில் சந்தனம் பூசியதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, புத்தகத்தில் விட்ட பிழையைத் திருத்தி ஒற்றைத் தாள் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். மாமா என்னை வாசிக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் தடவித் தடவிப் பார்த்தேன். பெயின்ட்டில் குறை இல்லையாம். கவனமில்லாத ஓர் உள்ளூர்த் தொழிலாளியால் அளவு பிழையாகிவிட்டதாம். துடைத்த பிறகு எண்பத்தொன்று சுட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. கித்துள் பாணியை ஊற்றிய மாதிரி என் வாய் ஒட்டிக்கொண்டது.

"என்னாடி முழிக்கிற? படி."

"அனுபவமுள்ள தொழிலாளி அழகையா சொல்லித்தான் பிழை தெரிய வந்துச்சாம்."

"பொய்."

"சத்தியமா."

"எது என் பேரு?"

இருந்ததிலேயே நீளமான சொல்லாகப் பார்த்து விரலை வைத்தேன். மாமாவும் அதே இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "போ, போய் வேற வேலையப் பாரு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது, சுவிட்ச் பெட்டியின் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. நான் காட்டிய சொல்லின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். யார் வந்து பார்த்தாலும் அந்தச் சொல்லை வாசித்து, அது அவர் பெயர் இல்லை என்று சொல்ல முடியாது.

காய்ந்தால் அது உதிரும். அதனால் நானே வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். வைத்ததைத் துடைக்கத்தானே கூடாது. உதிர்ந்த இடத்தில் மறுபடி வைக்கலாம்.