இரண்டு முறை கூட்டிய முப்பது விநாடி

வானாய்வுக் கூடத்தின் கீழ்த்தள அறையில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் புள்ளி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைநோக்கி எடுத்த படங்களைக் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. நட்சத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். சிறுகோள், அதாவது விண்ணில் சுற்றும் கல் என்றால் புள்ளி நகரும். இருபத்து மூன்று வருடங்களாக அவர் பார்த்த புள்ளிகள் எல்லாம் வேறு யாரோ எப்போதோ கண்டுபிடித்தவை.

படம் எடுப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நாலு வருடத்துக்கு முன் ஆபீஸ் விருந்தில், "அத்தானுக்குச் சாப்பாட்டுலதான் கல்லு கிடைக்கும், வானத்துல கிடைக்காது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அன்றோடு பேச்சு முறிந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி போவார்கள். அந்தச் சுவருக்கு வந்த யோகம்!

ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தப் பட்டியலிலும் இல்லாத புள்ளி ஒன்று படத்துக்குப் படம் தாவியது. பூமிக்குக் கிட்டத்தில் போகிற கல்தான் அப்படி ஓடும். புள்ளி சார் இடத்தையும் நேரத்தையும் குறித்து, சுற்றுப்பாதை கணக்கிடும் மையத்துக்கு அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை காலை பதில் வந்தது. வேறு இரண்டு கூடங்களும் கல்லைப் பார்த்துவிட்டன. அவர்களுடைய அளவுகள் ஒரே பாதையில் உட்காருகின்றன, இவருடையது உட்காரவில்லை. மாலை ஐந்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் நீக்கிவிடுவார்களாம். நீக்கினால் கல்லைக் கண்டுபிடித்த பெயர் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவர் மூன்று தடவை சரிபார்த்தார். ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம். அந்த நிமிடத்தின் நடுவைத்தான் நேரமாகச் சொல்ல வேண்டும். கேமரா தொடக்க நேரத்தை எழுதும், இவர் முப்பது விநாடி கூட்டுவார். அதை மறக்கவில்லை. அப்படியானால் கேமரா பக்கம்தான் கோளாறு. வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் தம்பிகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? மாடி ஏறிப் போய்க் கேளுங்க" என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு, எரிச்சலை மென்று விழுங்கிக்கொண்டு மாடி ஏறினார். மச்சினன் கேமரா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"கேமரா நேரத்துல கை வச்சியா?"

"வச்சேன். இப்ப நடு நேரத்தை அதுவே எழுதிடும்."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

புள்ளி சாருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடமாக முப்பது விநாடியை இரண்டாவது தடவை கூட்டியிருக்கிறார். ஊர்ந்து போகிற கற்களில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடுகிற கல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

மச்சினன் பதிவு நோட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டான். அவன் கையெழுத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் என்று புள்ளி சார் நாலு வருடமாகத் தொடாத நோட்டு. பக்கத்தைத் தேடி எடுத்தார். "அத்தானுக்கு: நேரம் எழுதும் முறை மாறியிருக்கிறது. பார்த்துக் கையெழுத்திடவும்." அடுத்த மாதம் அதே குறிப்பு, "புள்ளி சாருக்கு" என்று. மூன்றாவது மாதம், "சம்பந்தப்பட்டவருக்கு." மூன்றின் கீழும் இடம் காலியாக இருந்தது.

"தெரிஞ்சே வேடிக்கை பார்த்திருக்க."

"படிக்காதது உங்க திமிரு. என் தலையில கட்டாதீங்க."

மையத்துக்கு எழுத அரை மணி நேரம்தான் இருந்தது. முப்பது விநாடியைக் கழித்தால் கல் அவருடையது. ஆனால் மூன்று வருட உழைப்பு முழுவதும் தப்பென்று ஊருக்கே தெரியும். கீழே போய், "தவறு என்னுடையது, மூன்று வருட அளவுகளையும் திருத்தித் தருகிறேன்" என்று தட்டி அனுப்பினார். அவமானத்தில் காது சுட்டது. ஐந்தரைக்குப் பதில்: அளவு பொருந்துகிறது, கண்டுபிடிப்பு உங்கள் கூடத்துக்கே, கல்லால் பூமிக்கு ஆபத்தில்லை.

மறுபடி மாடி ஏறினார். நோட்டைத் திறந்து மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மச்சினன் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான்.

"தேதி போடல."