அடைத்திருக்கக் கூடாத ஆறு ஓட்டைகள்

காலி டின் வியாபாரத்துக்கு முதல் மூலதனம் மூக்கு. அடுத்தவர் பயன்படுத்திப் போட்டதை வாங்கி, கழுவி, விற்றுப் பிழைக்கிற ஜாதி நீங்களும் என்றால், நான் சொல்லப் போவதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சின்னமனூரில் நான் கடை வைத்திருந்தது எஸ்.டி.டி. பூத் வாசலில் ஆள் வரிசையில் நின்ற காலம்.

மோந்து பார்ப்பது

பதினஞ்சு கிலோ எண்ணெய் டின் வந்தால் வாய்க்குள் மூக்கை விட்டு ஓர் இழுப்பு. கடலையெண்ணெய், பாமாயில், டால்டா எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மண்ணெண்ணெய் வாடை வந்தால் தனிக் குவியல். மருந்து வாடை வந்தால் நேரே பழைய இரும்புக்கு. எங்கள் பக்கம் மருந்து என்றால் திராட்சைக் கொடிக்கு அடிக்கிற பூச்சிமருந்துதான். எண்ணெய் டின்னிலேயே அதைக் கலக்குவார்கள். மேலே கடலைப் படம் சிரித்துக்கொண்டிருக்கும், உள்ளே எமன் இருப்பான்.

உத்தமபாளையம் பேச்சியம்மாள் அக்கா முறுக்கு சுட்டுப் பள்ளிக்கூட வாசலில் விற்கிறவர். மாதம் இரண்டு டின் வாங்குவார். நான் மோந்து கொடுத்ததை அவரும் ஒரு தரம் மோந்து பார்ப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, இத்தனை வருஷம் வாங்கியும் நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டேன். அக்கா டின்னிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்: “உம் மேல நம்பிக்கை இருக்கு தம்பி. டின்னு மேலதான் இல்ல.”

ஒழுகிய டின்

ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க டின் வாங்கிப் போனார். நான் ஈயம் வைத்து அடைத்த இடம் நாலே நாளில் விட்டுப்போனது. டின்னைத் தலைகீழாகப் பிடித்தபடி கடைவீதி முழுக்க நடந்து வந்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் முன்னால் என் காலடியில் போட்டார். மானம் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த ஓட்டைக்கும் ஆசிட் தடவி, ஈயத்தை இரண்டு தரம் வைத்தேன். பத்து வருஷம் ஒழுகாது என்று சொல்லித்தான் விற்பேன். அந்த வீறாப்பை எனக்குள் ஏற்றிவிட்டது அவர் கேட்ட ஒரே கேள்வி: “தண்ணி நிக்காத டின்னுக்கு எதுக்குப்பா ஒரு கடை?”

ஜலதோஷம்

ஒரு கார்த்திகை மாதம் எனக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்குக்குப் பக்கத்தில் கருவாடு சுட்டாலும் தெரியாத நிலைமை. சரக்கு எடுக்கப் போகாதீர்கள் என்று என் வீட்டுக்காரி தடுத்தாள். கேட்டேனா? செல்வராசு அண்ணன் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் ஊரில் இல்லை. ஓரமாகக் கிடந்த ஆறு டின்னை வேலையாட்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆறிலும் அடியில், ஒரே இடத்தில், ஒரே அளவு ஓட்டை. பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷம்தான் வந்தது. சோடா உப்புப் போட்டுக் கழுவி, ஓட்டைகளை அடைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. வீட்டில் அவள் டின்னைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். “மூக்கு திறக்குற வரைக்கும் விக்காம வைங்க,” என்றாள்.

மூன்று கோழிகள்

நான் வைக்கவில்லை. அன்றைக்கென்று பேச்சியம்மாள் அக்காவுக்கும் பஸ்ஸுக்கு அவசரம், மோந்து பார்க்காமல் இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் காலையில் ஒரு டின்னோடு திரும்பி வந்தார். அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு, அதுவரை எனக்குத் தெரியாது. புது டின்னில் முறுக்கு போடுவதற்கு முன் இரண்டு நாள் அரிசிக் குருணையைப் போட்டு மூடி வைப்பார். பிறகு அதைக் கோழிக்கு இறைப்பார். டின்னுக்குள் மூன்று கோழிகள் கழுத்து தொங்கிக் கிடந்தன. அக்கா டின்னை என் முன்னால் வைத்தார். “பள்ளிக்கூடத்து வாசல்ல எங்கிட்ட எத்தனை பிள்ளைக வாங்கித் திங்கும்னு தெரியுமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

தோட்டத்தில்

சைக்கிளை எடுத்துக்கொண்டு செல்வராசு அண்ணனிடம் பறந்தேன். மருந்து டின்னை எப்படிக் கொடுக்கலாம் என்று சண்டை போடத்தான் போனேன். மருந்து அடித்து முடித்ததும் ஒவ்வொரு டின்னையும் கடப்பாரையால் தானே குத்திவிடுவதாக அண்ணன் சொன்னார். வேலைக்கு வருகிறவர்கள் குடிதண்ணீருக்கு எடுத்துப் போய்விடக் கூடாதே என்றுதானாம். பழைய இரும்புக்கு என்று நினைத்துத்தான் ஆட்கள் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டைகளை அடைத்து விற்றதைச் சொன்னேன். அண்ணன் நிதானமாகக் கேட்டார்: “ஒழுகணும்னுதானப்பா குத்துனேன். உன்னைய யாரு அடைக்கச் சொன்னா?”

ஆறாவது

அக்கா வீட்டிலிருந்த இன்னொரு டின்னை எடுத்து வந்தேன். மூன்று டின் ஒரு டீக்கடைக்குப் போயிருந்தது. நல்லவேளை, பரணில் ஏற்றியவர்கள் இறக்கவில்லை. ஐந்தையும் கோடாலியால் பிளந்தேன்.

ஆறாவதை வாங்கியது ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறிய ஒரு குடும்பம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற அந்தப் பெண், இதில் குடிதண்ணீர் வைக்கலாமா என்று கேட்டதும், தாராளமாக வைக்கலாம், பத்து வருஷம் ஒழுகாது என்று நான் சொன்னதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் பத்து நாள் நின்றேன். குமுளிக்குப் போய் வந்தேன். போடிமெட்டு வரைக்கும் ஏறி, தோட்டம் தோட்டமாக விசாரித்தேன். கடைசியில் ஒரு ஜீப் டிரைவர் பாவப்பட்டு எனக்குச் சொன்ன ஆறுதல் இது: “மலையில காய்ச்சலுலயும் வயித்துப்போக்குலயும் எத்தனையோ பேரு சாகுறாக. உங்க டின்னுனால செத்தாகன்னு யாருண்ணே கண்டுபிடிக்கப் போறா?”

தான் வைத்த ஈயம் விட்டுப்போய், தான் விற்ற டின் முதல் நாளே ஒழுகியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சாமி கும்பிடுகிற டின் வியாபாரி இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தன்தான்.