மலைமுழுங்கியின் அக்கா வீடு பார்க்க வந்த ஞாயிறு

எங்கள் மாடியில் குடியிருக்கும் வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் மலைமுழுங்கி. யாரையும் ஏமாற்றி அந்தப் பெயரை வாங்கவில்லை. அதற்கெல்லாம் சாமர்த்தியம் போதாது. ஊரை ஒட்டி நிற்கும் மலையைத் தன் சொந்தச் சொத்து மாதிரிப் பேசிப் பேசி வாங்கியது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பெருநகரத்திலிருந்து மனைவியோடும் ஒரு டூல் பெட்டியோடும் வந்து இறங்கினான். அங்கே ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகையில் இங்கே மூன்று அறையும் ஒரு பால்கனியும் கிடைத்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் புரியவில்லை. இந்த ஊரில் பிறந்த நாங்கள் துணி காயப்போடும்போது மழை வருமா என்று பார்க்கத்தான் மலைப்பக்கம் தலையைத் தூக்குவோம். அவனோ பல் தேய்க்கும்போது ஒரு தடவை, தேய்த்து முடித்து ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை பார்ப்பான். ஏதோ ராத்திரி யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று சரிபார்ப்பது மாதிரி.

எங்கள் ஊரில் இடது, வலது, கிழக்கு, மேற்கு எதுவும் செல்லாது. எல்லாமே மலைப்பக்கம், இல்லையென்றால் மலைக்கு எதிர்ப்பக்கம். முடிவெட்டும் கடையில்கூட “மலைப்பக்கக் கிருதாவை இன்னும் கொஞ்சம் எடுங்க” என்போம். மெக்கானிக் இந்தப் பழக்கத்தை எங்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருடத்தில் ஒரு தெருவின் பெயரும் அவனுக்குத் தெரியாது. வீடுகளை மெஷினை வைத்து ஞாபகம் வைத்திருப்பான்: பெல்ட் அறுந்த வீடு, எலி புகுந்த வீடு, சாக்ஸ் தின்னும் மெஷின் வீடு. வழியை மலையை வைத்து. போனில் வழி பார்ப்பது வெளியூர்க்காரன் செய்கிற வேலை என்று சொல்லிப் போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவான்.

இவ்வளவு சந்தோஷத்திலும் அவனுக்கு ஒரே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. அக்கா. பெருநகரத்தில் தனியாக இருந்தார். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை. வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தடவை அந்த வீட்டுப் பக்கம் வந்ததில்லை. போன வருடம் காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்து, நாலாம் நாள் தம்பிக்குப் போன் செய்தார். அதுவும் காய்ச்சலைச் சொல்ல இல்லை, அவனுக்குப் பிறந்தநாள் என்பதால். இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து மெக்கானிக் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாதீங்க என்றும் சொன்னாள். நான் நாலைந்து பேரோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் எதிர் வீட்டு மாடி காலியானது. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். இன்றும் ஊசி போடுகிற மாதிரிதான் பேசுவார். மெக்கானிக் போய்க் கெஞ்சினான். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. உங்க அக்கா நேர்ல வந்து, தன் வாயால சொல்லணும். அஞ்சு அடிச்சா வீடு பேங்க்காரங்களுக்கு” என்று சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு வழியாக வரச் சம்மதித்தார். “ஒரே ஒரு நாள் வரேன். ஒன்பது வருஷமா அளக்கிறியே, அந்த மலையைக் காட்டு. பிடிச்சா இருக்கேன். பிடிக்கலைன்னா ராத்திரி பஸ். அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது” என்றார்.

படம் அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பினான். அவன் மனைவியின் போனிலிருந்து நூறு படம் போயிருக்கும், அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் போனுக்கு. அக்காவிடம் இருந்தது பட்டன் போன். எல்லாப் படத்திலும் அவன் தலைதான். காதுக்குப் பின்னால் ஏதோ நீலமாக எட்டிப் பார்க்கும். ஸ்டூடியோவில் போய்ப் படுதா முன்னால் நின்று எடுத்திருக்கிறான் என்றே அக்கா நினைத்திருந்தார்.

ஞாயிறு காலை பஸ் வந்தது. அக்கா இறங்கினார். மலை இல்லை.

வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ இப்படி ஆகும். மேகம் இறங்கித் தண்ணீர் டேங்கின் கழுத்து வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோப்பு அதிகமாகப் போட்ட மெஷின் மாதிரி ஊர் முழுக்க ஒரே வெள்ளை.

“எங்கடா?”

“அங்கதான்க்கா. அந்த மேகத்துக்குப் பின்னாடி.”

“மேகத்துக்குப் பின்னாடி எங்க ஊர்லயும் என்னென்னமோ இருக்கு” என்றார் அக்கா.

நேராகக் கூட்டிவந்து வீட்டைக் காட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அங்கேதான் அவன் புத்தி கோணலாகப் போனது. அந்த வீட்டின் பெரிய ஜன்னலில் மலை ஃபிரேம் போட்ட மாதிரித் தெரியும். மலை இல்லாமல் அந்த ஜன்னலைக் காட்டுவது, பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் பொண்ணு இல்லாமல் நாற்காலியைக் காட்டுவது மாதிரி என்று மனைவியிடம் சொன்னானாம். மேகம் முதலில் விலகுவது ஏரிப் பூங்காவில்தான், அங்கே போய்க் காத்திருந்து, மலையைக் காட்டிவிட்டு, நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று திட்டம். சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு அக்காவும் தம்பியும் நடந்தே கிளம்பினார்கள். கால் மணி நேர நடை.

அதற்குப் பிறகு நடந்ததில் அக்கா சொன்னது பாதி. மெக்கானிக் மறைத்ததை அவன் மனைவி எடுத்துக் கொடுத்தது மீதி.

கால் மணியில் ஒரு பூங்கா வந்தது. பச்சை கேட், நடுப்பலகை போன பச்சை பெஞ்சு, அதில் ஒரு பெரியவர். ஏரி மட்டும் இல்லை. ஒரு சந்து முன்னாடியே திரும்பிட்டோம் என்றான். மறுபடி நடந்தார்கள். இன்னொரு பூங்கா. பச்சை கேட், பச்சை பெஞ்சு, கூட ஒரு சறுக்குமரம். எங்கள் நகராட்சிக்கு இரண்டு காரியம்தான் கைவந்தது: பூங்கா வைப்பது, அதற்குப் பச்சை பெயிண்ட் அடிப்பது. இந்த ஊரில் எந்த வழியில் தப்பாகப் போனாலும் ஒரு பூங்காவில்தான் போய் முட்டுவோம். மூன்றாவது பூங்காவுக்குள் நுழைந்ததும் அக்கா பெஞ்சைப் பார்த்தார். நடுப்பலகை இல்லை.

“டேய், இது முதல்ல வந்த பார்க்குடா.”

“இல்லக்கா, இது வேற.”

“அப்ப இந்தக் கிழவரும் நம்ம கூடவே சுத்தி வராரா?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், “வாங்க, மறுபடியும்” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

மணி மூன்றே கால். பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஏரிப் பூங்காவுக்கு எப்படிப் போவது என்று அக்காவே கேட்டார். நேராகப் போய் மலைப்பக்கம் திரும்புங்க என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மலை எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டார். மூன்று கை நீண்டது, மூன்று திசைக்கு. அப்புறம் அவர்களுக்குள் சண்டை. ஒருவர், தான் மலையைப் பார்த்தே வளர்ந்தவன் என்றார். இன்னொருவர், நான் மட்டும் என்ன சுவரைப் பார்த்தா வளர்ந்தேன் என்றார். வந்த பஸ்ஸை மூன்று பேரும் விட்டுவிட்டார்கள்.

போதாக்குறைக்குச் சாக்ஸ் தின்னும் மெஷின் வீட்டம்மா பால்கனியிலிருந்து இவனைப் பார்த்துவிட்டார். தம்பி, ரிப்பேர் பண்ணியும் அது இன்னும் குதிக்குது, நேத்து சமையலறைலேர்ந்து ஹாலுக்கே வந்திடுச்சு என்று கீழே இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். வந்த தங்கமான வாடிக்கையாளரை விட முடியுமா? மெஷினுக்குள் தலையை விட்டு அவன் வெளியே வரும்போது மணி நாலு இருபது. கையில் ஏழு சாக்ஸ். அவற்றில் ஜோடி ஒன்றுகூடத் தேறவில்லை.

வெளியே வந்து நாலு தப்படி வைத்தவன், அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, எனக்கு வழி தெரியல. ஏரிக்கும் தெரியல, வீட்டுக்கும் தெரியல.”

அக்கா கைப்பையைக் கீழே வைத்தார்.

“அஞ்சு மணிக்கு வீடு போயிடும்க்கா. நீ ராத்திரி பஸ் ஏறிடுவ. அடுத்த தடவை காய்ச்சல் வந்தா யாருக்குப் போன் பண்ணுவ? எனக்கு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்தான் வருது.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை; விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, விக்கல் எடுக்கிற வரைக்கும். தம்பியும் பார்த்தான், என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்:

“எழுந்திரு. அந்த ஆரஞ்சு ஜன்னல் தெரியுதா? மடிப்பு அஞ்சு இருக்கு, ஒண்ணு தலைகீழா தச்சிருக்கான். அதை ஒட்டின சந்துல நுழைஞ்சுதான் இங்க வந்தோம்.”

முப்பது வருடமாக ஜன்னல்களைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண். வந்த வழியெல்லாம் அக்காவுக்குத் தெரியாமலே அந்தக் கண் எழுதி வைத்திருக்கிறது. ஆரஞ்சுக்கு அடுத்து, பெட்ஷீட்டை வெட்டிக் கட்டின வீடு. அதற்கடுத்து, நீளம் போதாமல் முழங்காலோடு நின்றுபோன பூப்போட்ட திரை. இந்த வீட்டில் புருஷன்தான் துணி எடுத்திருக்கிறான், இந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் கிழித்துக்கொண்டே அக்கா முன்னால் பறந்தார். வந்து ஏழு மணி நேரம் ஆன மனுஷி, ஒன்பது வருடம் குடியிருந்தவனை ஓட்டிக்கொண்டு வந்தார்.

எதிர் வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா வாட்சைப் பார்த்தபடி நின்றார். பேங்க் தம்பதி அளவெடுக்க டேப்போடு வந்திருந்தார்கள். மெக்கானிக்கின் மனைவி நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா நின்றேன். இந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்குள் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முனையில் அக்கா தெரிந்தார். பின்னால் அவருடைய கைப்பையையும் ஏழு சாக்ஸையும் பிடித்துக்கொண்டு தம்பி.

“அண்ணி, சீக்கிரம் வாங்க” என்று மனைவி கூப்பிட, எல்லோரும் படியேறினோம்.

பெரிய ஜன்னல் முழுக்க வெள்ளை. மேகம் ஒரு இஞ்சுகூட நகரவில்லை.

“அக்கா, இந்த ஜன்னல்லதான்...”

“நீ கொஞ்சம் சும்மா இருடா.”

அக்கா வாசல் கதவை அகலத் திறந்து அப்படியே விட்டார். சுவர் அலமாரியைத் திறந்தார், சாத்தவில்லை. சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு, கடைசியாக அந்தப் பெரிய ஜன்னல். ஐந்தையும் திறந்து போட்டுவிட்டு நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். கை எதிலும் இடிக்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பேங்க்காரர் பயந்து டேப்பைச் சுருட்டினார்.

“அங்க என் ரூம்ல அலமாரியைத் திறக்கணும்னா வாசக்கதவைச் சாத்தணும். வாசக்கதவைத் திறக்கணும்னா கட்டிலைத் தூக்கி நிறுத்தணும். காய்ச்சல்ல அதைத் தூக்க முடியாமதான் மூணு நாள் உள்ளயே கிடந்தேன்” என்றார் அக்கா, சாதாரணமாக. அப்புறம் குரல் திடீரென்று சின்னப் பெண் மாதிரி ஆனது. “டேய், இங்க எல்லாம் ஒரே நேரத்துல திறக்குதுடா.”

மெக்கானிக் கையிலிருந்த சாக்ஸ் ஒன்றால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“மணி அஞ்சாக ரெண்டு நிமிஷம் இருக்கு” என்றார் வீட்டுக்காரம்மா.

“நான் இங்கயே இருக்கேன்மா” என்றார் அக்கா.

மனைவி ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். மெக்கானிக்குக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நாளைக்குக் கட்டாயம் மலை தெரியும், காலையிலேயே பார்க்கலாம் என்று ஆரம்பித்தான். அது தெரியும்போது தெரியட்டும், முதல்ல போய் அந்த அலமாரியைத் திறந்து மூடு, எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது பாரு என்றார் அக்கா. அவன் திறந்து மூடினான். அவர் இன்னொரு தடவை என்றார். பிறகு மனைவி சமையலறைக் கதவை எடுத்துக்கொண்டாள். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, குளியலறைக் கதவை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம். பேங்க்காரரின் மனைவிகூட ஒரு தடவை வந்து வாசல் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“கீல் கழண்டா நீங்கதான் மாட்டித் தரணும்” என்றார் வீட்டுக்காரம்மா.