கரண்ட் மேல் போட்ட பழி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்யாணப் பந்தலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க நான் கிடார் வாசித்தேன். ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தேன். சத்தம் வரவில்லை.

கம்மியாக வந்ததா, கரகரவென்று வந்ததா என்று கேட்காதீர்கள். அடியோடு வரவில்லை. சாதா கிடாராக இருந்தால் அதன் வயிற்றிலாவது கொஞ்சம் சத்தம் இருக்கும். எலெக்ட்ரிக் கிடாருக்கு வயிறே கிடையாது... வெறும் பலகை. ஆம்ப்ளிஃபையர் பேசினால்தான் அது பேசும். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆர்கன்காரருக்குக்கூடக் கேட்காது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — வாரத்தில் ஐந்தரை நாள் நான் கும்பகோணத்தில் ஒரு பாங்க்கில் கிளார்க். மீதி ஒன்றரை நாள் லைட் மியூசிக் குழுவில் கிடார்காரன். முதல் வேலை சோற்றுக்கு, இரண்டாவது வேலை பந்தாவுக்கு. அந்தப் பந்தாதான் அன்றைக்குக் கப்பலேறியது.

எங்களைக் கூப்பிட்டிருந்தவர் ராமையன். அந்த ஊர் விவசாயத் தொழிலாளர்களுக்கு அவர்தான் தலைவர். ஐம்பது வயது, கறுப்புச் சட்டை, அதட்டாமலே ஊரை நிறுத்துகிற குரல். இந்த வருஷம் நடவுக் கூலித் தகராறில் மூன்று வாரம் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. போலீஸ் வந்து, தாசில்தார் வந்து, பேசி முடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பேப்பரில் கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தப் பக்கம் பண்ணை வீடு. இந்தப் பக்கம் ராமையன் தெரு. ஆவணியில் அந்தப் பண்ணை வீட்டுக் கல்யாணத்தில் வாசித்ததும் நாங்கள்தான். ராமையன் பாங்க்குக்கே என்னைத் தேடி வந்து, அதே குழு வேண்டும், அதே ஆட்கள் வேண்டும், முக்கியமாக அதே கிடார் வேண்டும் என்றார். கிடாரை மட்டும் ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எம் பொண்ணு சொல்லிவிட்டுச்சு சார். மத்ததெல்லாம் எங்க இஷ்டம்னு விட்டுடுச்சு. இது ஒண்ணுதான் அது கேட்டுது" என்றார்.

அப்படிக் கேட்ட பெண்ணின் கல்யாணம். சுயமரியாதைத் திருமணம் — ஐயரும் கிடையாது, அக்கினியும் கிடையாது. தலைமை தாங்க ஒரு கட்சிப் பேச்சாளர். அவர் ஐந்து நிமிஷம் வாழ்த்துவார், மாலை மாற்றுவார்கள், மாலை கழுத்தில் விழுந்த நொடியில் கிடாரில் பாட்டு எடுக்க வேண்டும். வாழ்த்தினார். மாற்றினார்கள். நான் இழுத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் மேலே சொன்னது.

வால்யூம் திருகை முழுக்கத் திருகினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஆர்கன்காரரின் ஒயரை வாங்கிப் போட்டேன். ஆம்ப்ளிஃபையர் தலையில் இரண்டு தட்டும் தட்டினேன்... நம் ஊரில் ரேடியோ முதல் பையன் வரை எல்லாவற்றுக்கும் அதுதானே முதல் வைத்தியம்? எதற்கும் மசியவில்லை. மணப்பெண் செல்வி நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் ஒருவர் என்ன சார் ஆச்சு என்று கேட்க, நான் எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற சமாதானத்தைச் சொன்னேன்.

"கரண்ட் சரியா வரலை போலிருக்கு."

சுருதி பிசகினால் பாடகர் மைக்கைச் சொல்வார். தாளம் பிசகினால் தபலாக்காரர் பாடகரைச் சொல்வார். நான் கரண்ட்டைச் சொல்வேன். பாவம், அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாண வீட்டிலும் இதற்கு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இங்கே பார்த்தார்கள். பந்தலில் பாதித் தலைகள் ஒரே பக்கமாகத் திரும்பின. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பண்ணையின் பம்ப் செட் கொட்டகையை நோக்கி. தெருவுக்கு வருகிற லைன் அந்தக் கொட்டகை ஓரமாகத்தான் வருகிறதாம். டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேதானாம். எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் ஆளுக்கொரு நோயைக் கண்டுபிடித்தார்கள். கூலித் தகராறில் லாக்கப்புக்குப் போய் வந்தவர், பண்ணை ஆட்கள் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார். மின்சார ஆபீசுக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்தவர், இந்தத் தெருவுக்கென்றால் எப்பவும் அரைக் கரண்ட்தான் என்றார். சோடா உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கண்ணேறு என்றார். பேச்சாளரிடம் யாரோ போய், இன்னும் கொஞ்சம் நேரம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர் அதற்காகவே பிறந்தவர். "மின்சாரம் யார் வீட்டுச் சொத்து?" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஒரு பொருள் கெட்டுப்போனால் அதற்கு என்ன ஆச்சு என்று பார்ப்பதற்கு முன்னால், யார் மேல் கோபம் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறோம். நான் மட்டும் என்ன? பாங்க்கில் கணக்கு இடித்தால் பக்கத்து சீட் லெட்ஜரைத்தான் முதலில் திறப்பேன்.

ஆனால் ஒருவர் சொன்னது மட்டும் சுருக்கென்று தைத்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கோபமே இல்லாமல், "அங்க நல்லாத்தானே வாசிச்சீங்க?" என்றார். அங்கே என்று அவர் சொன்னது பண்ணை வீட்டை.

அதற்குள் நாலு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டகையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வரப்பில் இறங்கிவிட்டார்கள். ராமையன் கூப்பிட்டார். பேச்சாளரின் முழக்கத்தில் அவர் குரல் கேட்கவில்லை. மைக்கைக் கேட்டார். பேச்சாளர் தரவில்லை. நேரே என்னிடம் வந்து முழங்கையைப் பிடித்தார்.

"சார், கரண்டுதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கொட்டாயில காவலுக்கு ஆள் இருக்கு. இவனுங்க போயி கைகலப்பாச்சுன்னா பேசி முடிச்சதெல்லாம் போச்சு. நாளைக்கு நடவுக்கு எறங்கவேண்டிய பொம்பளைங்க மறுபடி வீட்டுல உக்காரணும்."

மூன்று வாரம் உலை வைக்காத வீடுகள் அந்தத் தெருவில் இருந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தான் கெட்டதோடு நிற்காமல் ஒரு தெருவையே கெடுக்கப் பார்த்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் என்ன கோளாறு என்றே தெரியாமல் எதை மாற்றிச் சொல்வது?

அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள்.

"சார், ஃபேன் ஓடுது. ஆர்கன் கேக்குது. எல்லாம் ஒரே போர்டுலேருந்துதானே போவுது? கிடாருக்கு மட்டும் எப்படி சார் கரண்ட் வராம இருக்கும்?"

நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அவள் குனிந்து கிடாரைப் பார்த்தாள். திருகுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு மஞ்சள் கறை. சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைத்தீர்களா என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். எங்கெங்கே என்றாள்.

எங்கெங்கே! வருஷத்தில் ஒரு நாள். தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, திருகுக்கு ஒன்று. அப்புறம், ஒயர் செருகுகிற ஓட்டை. சத்தம் வெளியே போகிற வாசல் அதுதானே என்று, பக்தி முற்றி, கட்டைவிரலால் அங்கே மட்டும் தாராளமாக ஒரு அப்பு அப்பியிருந்தேன். மறுநாள் துணியால் துடைத்தது வெளியே மட்டும். பூஜைக்குப் பிறகு இதுதான் முதல் கச்சேரி. இடையில் வீட்டில் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் விரலுக்குப் பழக்கம் செய்ததோடு சரி. காலையில் ஒயரைச் செருகும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. இருக்கட்டும், நல்லதுதான் என்று நினைத்தேன்!

செல்வி குடவாசலில் ஒரு தையற்கடையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். கடைக்காரர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷினில் எண்ணெய் விடுகிற ஓட்டையில்கூடச் சந்தனம் வைத்துவிடுவாராம். மறுநாள் மெஷின் நகராதாம். குத்தி எடுக்கிற வேலை வருஷா வருஷம் இவளுக்குத்தான். சொல்லிக்கொண்டே புடவை மடிப்பிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். மாப்பிள்ளை மாலையோடு எழுந்து கிடாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். மணப்பெண் ஊக்கால் சுரண்டினாள். கல்யாணமான பிறகு இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து பட்டுப்புடவையில் விழுந்தது. தீக்குச்சியில் கைக்குட்டை நுனியைச் சுற்றி உள்ளே துடைத்தேன். செருகினேன். சுவிட்சைப் போட்டேன். ஆறு கம்பியையும் இழுத்தேன்.

பந்தலே அதிர்ந்தது. வால்யூமை முழுக்கத் திருகி வைத்திருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. பேச்சாளர் திடுக்கிட்டுப் பேச்சை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார்கள். வரப்பில் பாதி வழி போயிருந்த நாலு பேரும் சத்தம் கேட்டு நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தார்கள். ராமையன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

பேச்சு நின்ற இடைவெளியில் மைக்கை நான் வாங்கிக்கொண்டேன். கரண்ட்டில் ஒரு கோளாறும் இல்லை, பண்ணை ஆட்களும் ஒன்றும் செய்யவில்லை, நான் வைத்த சந்தனம்தான் கிடார் வாயை அடைத்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ராமையன்தான் முதலில் பேசினார்.

"சாமியே வேணாம்னு கல்யாணம் வச்சோம். நீங்க கிடாருக்குள்ள வச்சுக் கொண்டாந்துட்டீங்களே சார்."

பந்தல் சிரித்தது. லாக்கப்புக்குப் போய் வந்தவர்தான் அதிகம் சிரித்தார். நாங்கள் பாட்டை ஆரம்பித்தோம்.

இரண்டு பாட்டு முடிந்தது. செல்வி என் பக்கம் சாய்ந்து, சத்தம் ரொம்பப் பெரிசாக இருக்கிறது சார் என்றாள். கல்யாண வீட்டில் வழக்கமாக வருகிற புகார்தானே என்று, குறைத்துவிடட்டுமா அம்மா என்று கேட்டு, திருகில் கை வைத்தேன்.

"வேணாம் சார். அன்னிக்குப் பண்ணை வீட்டுல நீங்க வாசிச்சப்ப, நாங்க வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கேட்டோம். காத்து இந்தப் பக்கம் அடிச்சாத்தான் கேக்கும்" என்றாள்.

திருகைக் கூட்டினேன். ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று மைக் செட்காரர் கையை ஆட்டினார்.

கிழியட்டும்.