கீழ்வீட்டு அண்ணன் வாங்காத பைனாகுலர்

பாரமட்டாவுக்கு அப்பால் ஒரு துப்பாக்கிக் கடை. கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு எங்கள் கீழ்வீட்டு அண்ணன் ஒரு பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் வாசல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் இறங்கிவிடும். கடைக்காரர் வேறு ஆளைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து, இவர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மறுபடியும் போய்விட்டார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. வாங்கப்போகாத பொருளை இவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறாரே என்று. "தம்பி, இஞ்சை ஒருக்காப் பாரும். அங்காலை அந்த மரத்திலை நிக்கிற காகத்தின்ரை வெள்ளைக் கண்ணும் தெரியுது" என்று நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு மரமே கறுப்பாகிப் போயிருந்த நேரத்தில், இந்த நாட்டுக் காகங்களுக்கே உள்ள அந்த வெள்ளைக் கண் தனியாகத் தெரிந்தது. விலைச்சீட்டைத் திருப்பினேன். மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. பைனாகுலரை மேசையில் வைத்தேன்.

அப்போது நாங்கள் வென்ட்வேர்த்வில்லில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தோம். அவர் கீழே, நான் மேலே. நான் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு விசா வாங்கி விமானத்தில் வந்தவன். அவர் ஈழத்தின் வடக்கிலிருந்து, பல நாடுகளைச் சுற்றி, எப்படியோ வந்து சேர்ந்தவர். அந்த 'எப்படியோ' என்னவென்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பாண், அதாவது ரொட்டி, செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவருடன் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரின் தம்பிக்குப் பாதர்ஸ்ட் தாண்டி மலையடிவாரத்தில் பெரிய பண்ணை இருந்தது. அங்கே காட்டாடுகள் பெருகி வேலியையும் மேய்ச்சலையும் பாழாக்கிக்கொண்டிருந்தன. சுட்டுத் தின்னலாம் என்று அனுமதி கிடைத்தது. ஆட்டுக்கறி என்றால் நான் பண்ணைக்கென்ன, பாலைவனத்துக்கே போவேன். இருவரும் ஒன்றாகவே பாதுகாப்பு வகுப்புக்குப் போய், ஒன்றாகவே உரிமம் வாங்கி, ஆளுக்கொரு துப்பாக்கியும் வாங்கினோம். மாதம் ஒரு சனிக்கிழமை போவோம். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், வறுத்தரைத்த தூள் போட்டு வைக்கும் கறிக்காகவே எங்கள் வீட்டில் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சமையல் கிடையாது.

அந்த நாட்களில் எனக்கு ஊருக்குள் ஒரு மரியாதை இருந்தது. யார் எதை வாங்குவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். ஃபிரிட்ஜ், கார், சோலார் பலகை, பிள்ளைக்கு லேப்டாப், எதுவானாலும் இரண்டு நாள் இணையத்தில் கிடந்து, நூறு விமர்சனம் படித்து, கட்டம் கட்டமாக எக்செல் அட்டவணை போட்டு, கடைசியில் ஒன்றைப் பச்சை நிறத்தில் காட்டுவேன். நான் பச்சை காட்டியது எப்போதும் விலை குறைந்ததாகத்தான் இருக்கும். அதிக விலை கொடுப்பவன் ஏமாளி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆகவே அன்று காரில் ஏறியதும் அவர் "வாங்கலாமோ தம்பி? நீர்தான் பாத்துச் சொல்லவேணும்" என்று கேட்டபோது, கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காசு அவருடையது, கடனும் இல்லை, ஓவர்டைம் செய்து சேர்த்தது. என் அட்டவணைக்காகத்தான் காத்திருந்தார்.

வழியெல்லாம் தன் பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். மலிவான பைனாகுலர்க் கண்ணாடியில் பகலில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஆனால் ஆடு இறங்குவது மங்கலில்தானே, அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நல்ல கண்ணாடி வேண்டும் என்றார். அது எனக்கும் புரிந்தது. பிறகு அவர் வேறொன்று சொன்னார். "கண்ணாடி சரியில்லையெண்டால் மனுசன் துவக்கைத் தூக்கி அதிலை இருக்கிற ஸ்கோப்பாலை பாப்பான். ஸ்கோப்பாலை ஒண்டையும் தேடக்கூடாது, தம்பி. பாக்கிறது என்னெண்டு தெரியமுதல் துவக்கு அதிலை நிக்கும். நான் அந்தக் கண்ணாடிக்கு மற்றப் பக்கத்திலை நிண்டனான்." கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார், சிக்னலைப் பார்த்தபடி. நான் "ம்" என்றேன். வகுப்பிலும் இதையே சொல்லித்தந்திருந்தார்கள். ஆனாலும் அவர் சொன்னபோது, பாவம், பழைய பயம், இன்னும் போகவில்லை என்றுதான் நினைத்தேன். என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பதினான்கு வரிசையில் ஒரு பட்டியலைக் காட்டினேன். உருப்பெருக்கம், எடை, உத்தரவாதம், நீர் புகாமை. இருநூறு டாலர்க் கண்ணாடி எல்லாவற்றிலும் மூவாயிரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. "மாசத்துக்கு ஒருநாள் போறதுக்கு இது எதுக்குண்ணே? கம்பெனி பேருக்குத்தான் காசு வாங்குறான். நாம என்ன படமா எடுக்கப் போறோம்?" என்று சிரித்தேன். அவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீர் படிச்சனீர், சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த இருநூறு டாலர்க் கண்ணாடியில் ஒன்றை இருவருமாக வாங்கிக்கொண்டோம்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடையில் காகத்தின் கண்ணைப் பார்த்த கணமே அது அந்த விலைக்குத் தகுந்த பொருள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் எனக்கு மூவாயிரம் கொடுக்க மனம் வராது. பாண் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் கழுத்தில் அது தொங்க, பக்கத்தில் நான் இருநூறு டாலர்க் கண்ணாடியோடு நடப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த எரிச்சலை மறைக்கத்தான் பதினான்கு வரிசை. மற்ற பதின்மூன்றும் உண்மையான எண்கள். மங்கல் வெளிச்சத்துக்கான வரிசையில் மட்டும் இரண்டுக்கும் 'நன்று' என்று நானே போட்டிருந்தேன்.

அடுத்த மாதம் பண்ணைக்குப் போனோம். பகல் முழுதும் ஒன்றும் அகப்படவில்லை. பொழுது சாயும்போது ஓடைக்கு அந்தப் பக்கம் ஆட்டு மந்தையின் சத்தம் கேட்டது. "நீர் இதிலை இரும். நான் மேலாலை சுத்திப்போய் எத்தினை நிக்குதெண்டு பாத்திட்டு வாறன்" என்று பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டு, துப்பாக்கியையும் காரிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு போனார். தனியார் காணி, வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அணியும் ஆரஞ்சு மேலங்கி கட்டாயமில்லை; அவையும் காரில்தான் கிடந்தன. அவர் போட்டிருந்தது மண்நிறக் குளிர்ச்சட்டை. நான் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குளிரில் விரல்கள் மரத்துப்போயின. கால் மணி நேரம் இருக்கும், எதிர்ச்சரிவில் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. பைனாகுலரை எடுத்தால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. வெளியே துடைத்து என்ன பிரயோசனம்? சாம்பல் பூசியதுபோல் ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு சாம்பல். பொறுமை போய்விட்டது. கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப் வழியாகத் தேடினேன்.

முதலில் பழுப்பு. பிறகு அதில் ஒரு பொத்தான். ஆட்டுக்கு ஏது பொத்தான் என்று யோசிக்க எனக்கு ஒரு வினாடி ஆனது. அந்த வினாடி முழுவதும் ஸ்கோப்பின் குறிக்கோடு அவர் நெஞ்சில் நின்றது. துப்பாக்கியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன், முகம் தெரிந்தது. அவர் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை, குனியவில்லை, ஓடவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். உள்ளங்கைகள் விரிந்திருந்தன. முழங்கைகள் காதோடு ஒட்டியிருந்தன. பழக்கப்பட்ட கைகள் அவை. துப்பாக்கியைத் தாழ்த்திய பின்புதான் தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியை விலக்கித் தள்ளியிருந்ததைக் கவனித்தேன். எப்போது தள்ளினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அவர் கைகளை உடனே இறக்கவும் இல்லை. நான் எழுந்து நின்று, "நான்தாண்ணே" என்று கத்திய பிறகுதான் இறக்கினார்.

திரும்பி வரும் வழியில் இரண்டரை மணி நேரம் நான்தான் கார் ஓட்டினேன். அவர் மகளின் பள்ளியைப் பற்றியும் பெட்ரோல் விலையைப் பற்றியும் பேசினார். அவர் கைகள் தொடையின்மேல் அசையாமல் கிடந்தன. நான் "சேஃப்டி போட்டுத்தாண்ணே வெச்சிருந்தேன்" என்று ஒருமுறை சொன்னேன். "ஓம் ஓம்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் வெறும் பயந்தாங்கொள்ளி என்பதோடு போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு நண்பரின் புதுமனைப் புகுவிழா. கோயம்புத்தூரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். வேட்டைக்குப் போகிறீர்களாமே, ஆபத்தில்லையா மாப்பிள்ளை என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கீழ்வீட்டு அண்ணனும் அங்கே இருந்தார். அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று முந்திக்கொண்டேன். நடந்ததையே வேடிக்கைக் கதையாக்கிச் சொன்னேன். "ஆடுன்னு நெனச்சுப் பாக்குறேன், அண்ணன் ரெண்டு கையையும் தூக்கிட்டு சரண்டர் ஆகி நிக்கிறாரு! நான் சேஃப்டி போட்டுத்தான் வெச்சிருந்தேன், இவரு இப்படி நிக்கிறாரு!" என்று எழுந்து நின்று கைகளைத் தூக்கி நடித்தும் காட்டினேன். நடுநடுவே சேஃப்டியைப் பற்றி மறுபடியும் சொல்லிக்கொண்டேன். வீடே சிரித்தது. மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பலகாரத் தட்டோடு வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் வேட்டைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். துப்பாக்கியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் கிரவீனில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோயிலில், கடையில் கண்டால் சுகம் விசாரிப்பார். நான் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கேவலம், காய்கறிக் கடையில் அவர் தலை தெரிந்தால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் அலுவலகத்தில் ஒரு இளைஞன், புதிதாக உரிமம் வாங்கியவன், "அண்ணா, ப்ரீமியம் பைனாகுலர் எல்லாம் வொர்த்தா? உங்ககிட்ட ஏதோ ஷீட் இருக்குன்னு சொன்னாங்க" என்று கேட்டான். ஷீட் இல்லை, வாங்கிவிடு என்றேன். விலையைச் சொல்லித் தயங்கினான். அப்படியானால் பணம் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறகு வேட்டைக்குப் போ, அதுவரை போகாதே என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பயந்துபோய்ப் பார்த்தான். அன்று மாலை நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கிரவீனுக்குப் போனேன்.

அண்ணன் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். காரில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. "அண்ணே, அன்னைக்கு சேஃப்டி போட்டிருக்கல" என்றேன்.

"ஓம், தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அண்டைக்கு ஸ்ட்ராத்ஃபீல்டிலை நீர் கதை சொல்லேக்கை, ஒருத்தரும் கேக்காமலே மூண்டு தரம் சொன்னனீர், சேஃப்டி போட்டிருந்தது எண்டு."

"தெரிஞ்சும் ஏண்ணே சிரிச்சீங்க?"

"நான் சிரிக்காட்டி எல்லாரும் உம்மையெல்லே திரும்பிப் பாத்திருப்பினம். உம்மடை மாமனார் பக்கத்திலை இருந்தவர்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அட்டவணையில் நான் செய்த திருட்டையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூருக்கு அழைத்து, மாமனாரிடம் முழுவதையும், இந்தமுறை நடந்தது நடந்தபடி சொன்னேன்.  

"அன்னிக்கு அந்த மனுசனப் பாத்து நானுந்தானுங்க மாப்பிள்ளை சிரிச்சுப்போட்டேன்" என்றார்.