டக், தொப்

பழைய ஃபைபர் பாய்மரப் படகு வாங்க வருகிறவர்களுக்கு அதைத் தட்டிப் பார்த்து உண்மை சொல்வது என் தொழில். சொன்னால் விற்பவருக்கு ஆகாது, சொல்லாவிட்டால் வாங்கியவருக்கு ஆகாது. மாப்பிள்ளை விசாரிக்கப் போய் இரண்டு வீட்டிலும் கெட்ட பேர் வாங்கியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் எனக்கு ஒரு ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, லோரி பம்பர் எல்லாம் செய்வேன். படகு பார்க்கக் கடலோர ஊரான லூமுட் போவேன். அங்கே முப்பது வயதான படகு ஒன்று கரையேறி நின்றது. சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டார். மழைக்காலத்துக்குள் விற்காவிட்டால் அறுத்துப் போடுவதாக இடத்துக்காரர் சொல்லிவிட்டார். அத்தனை அழகான படகு. எனக்கு மனசு கேட்கவில்லை.

லோரிக்காரர்

முதலில் வந்தவர் சுங்கை சிப்புட்டில் நாலு லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஃபைபர் நன்றாக இருந்தால் ‘டக்’, உள்ளே ஈரம் ஏறியிருந்தால் ‘தொப்’. பாய்மரத்தின் அடியில் ‘தொப்’ என்றது. உள்ளே வைத்த பலகை ஊறியிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். சரியாகிவிடும் என்றது மட்டும் அவர் காதில் விழவில்லை.

“வேணாம் தம்பி. லோரி மக்கர் பண்ணா ரோட்டோரமா நிறுத்திட்டு எறங்கிடலாம். இதுல எங்கலா எறங்குறது?”

ஃபைல்

அடுத்தவர் ஈப்போவில் ரிட்டயரான பல் டாக்டர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். இன்டர்நெட்டில் எடுத்த கேள்விகளை ஒரு தடித்த ஃபைலில் போட்டுக்கொண்டு வந்தார். படகின் அடியில் மல்லாந்து படுத்து, ஃபைபரில் கிளம்பிய கொப்புளங்களை டார்ச் அடித்துப் பார்த்தார். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு என்ன வயது என்று கேட்டார். படகின் வயதுதான் என்றேன். ஃபைலை மூடிவிட்டார். குடை பிடித்து நின்ற அவர் மனைவி என்னைத் தேற்றினார்.

“கவலைப்படாதேங்கோ தம்பி, என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் இவர் ஒரு ஃபைலோடதான் வந்தவர்.”

எலுமிச்சம்பழம்

மூன்றாவதாக வந்த குமரன், ஃபேக்டரி சூப்பர்வைசர். எல்லாக் குறையையும் கேட்டுவிட்டுப் பரவாயில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. ஓட்டிப் பார்க்கும் நாளில் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டி என்றால் டயருக்கடியில் வைத்து நசுக்காமல் நாம் எடுப்போமா? படகுக்கு ஏது டயர்? அதைத் தூக்கிக் கடலில் இறக்கும் மெஷினுக்குத்தான் நாலு டயர் இருந்தது. அங்கேயே வைத்தார்.

வழக்கமாக இருமி இருமி நகரும் மெஷின் அன்றைக்கு வெண்ணெயாய் ஓடியது. தண்ணீரில் இறங்கிய படகின் எஞ்சின் மட்டும் அசையவே இல்லை. சகுனம் சரியில்லை என்று குமரன் போய்விட்டார். மெஷின் ஓட்டும் செல்வா அண்ணனுக்கு வருத்தமே இல்லை.

“அடுத்து வாரவரையும் பழம் கொண்டாரச் சொல்லுலா தம்பி, என் மெஷின் இப்படி ஓடி நான் பாத்ததே இல்ல.”

கையெழுத்து

மழை தொடங்கியது. ரம்பம் வந்துவிட்டது என்று தரகர் மோகன் ஃபோன் செய்தார். முதல் இரண்டு பேரை விரட்டியது என் வாய்தான். அது உறுத்தியது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். போன இடத்தில் விற்பனைத் தாளில் வாங்குபவர் பெயர் என்ற கோட்டின்மேல் என் பெயரை எழுதினேன். மோகன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“அண்ணே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வந்து தட்டிப் பாக்கலாமே?”

மற்றவர் வாங்க வந்தபோது ‘தொப்’ என்று தெளிவாகக் கேட்ட இந்தக் காதுக்கு, படகு என்னுடையதான பிறகு அதே இடம் ‘டக்’ என்றுதான் கேட்கிறது.