அந்தச் சொல் எனக்குத் தெரியும்

காசு கொடுத்து ஒரு விளையாட்டுக்காரனை வாங்கினேன். பாடசாலை உதைபந்தாட்டத்தில் அது குற்றம். தெரிந்தேதான் செய்தேன்.

அது மட்டும் என்றால் உங்களை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அதைத் தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது. சுவாமி கேட்டார், பெருமூச்சு விட்டார், சில செபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஆனால் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது... அதை அவரிடமும் மறைத்தேன். ஒரு தமிழ்ச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று ஒரு விசாரணையில் சொன்னேன். அவ்வளவுதான்! சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். முழுவதையும் கேட்ட பிறகும் வந்தால் நீங்கள் என்னைவிடக் கல்நெஞ்சுக்காரர்.

நான் தமிழாசிரியன். கண்டி நகரத்தில் பெயர்பெற்ற ஓர் ஆண்கள் கல்லூரியில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் படிப்பித்தேன். கல்லூரி என்றாலும் பாடசாலைதான்; பெயரைக் கேட்காதீர்கள். மாலையில் உதைபந்தாட்டத்திற்கும் நான்தான் பொறுப்பு. ஒழுங்காகப் பந்தை உதைக்கத் தெரியாத மனுசன்! ஆனாலும் என்னைப் போட்டார்கள். ஏன் தெரியுமா? தேயிலைத் தோட்டத்துச் சனங்களோடு பேசத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் கல்லூரியில் கட்டடம் இருந்தது, மைதானம் இருந்தது, சப்பாத்து வாங்கித் தரப் பழைய மாணவர் சங்கம் இருந்தது. கோல் அடிக்கத்தான் ஆள் இல்லை. "மலைப்பக்கம் போய்ப் பாருங்க மாஸ்டர், பார்த்து ஒண்டக் கொண்டு வாங்க" என்றார் சங்கத்துப் பெரியவர் ஒருவர். சந்தையில் பலாக்காய் வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் பஸ் ஏறினேன்.

மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. மைதானம் என்று ஒரு சரிவு. பந்து வெளியே போனால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். அங்கேதான் லோகேஸ்வரனைப் பார்த்தேன். பதினாறு வயது. அந்தச் சரிவில் பந்து அவன் காலை விட்டு இறங்கவே இல்லை. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களைப் பழக்கியவர் ரவீந்திரன். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, படித்து, அங்கேயே ஆசிரியராக வந்த இளைஞர். எனக்குப் பிளேன்டீ தந்து, தன் கதிரையையும் தந்துவிட்டு நின்றபடி பேசினார். நான் வந்த காரியம் அவருக்கு விளங்கியிருந்தது.

"சேர், இவனக் கொண்டு போயிட்டீங்கன்னா எங்க டீம் முடிஞ்சிரும். மத்தப் பயலுக எல்லாம் இவன நம்பித்தான் கிரவுண்டுக்கு வாறானுக."

நான் பையனின் எதிர்காலம் பற்றி ஏதோ சொன்னேன். நல்ல தமிழில்தான் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேரு எந்தத் தோட்டம்?" என்று திடீரென்று கேட்டார்.

"தோட்டமா? நான் கண்டி டவுன்."

பொய். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். கல்லூரியில் யாருக்கும் அதை நான் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை. கேட்ட ஒரே மனிதர் ரவீந்திரன்... அவரிடமும் பொய் சொன்னேன்.

லோகேஸ்வரனின் தாய் பரமேஸ்வரி. கணவர் இல்லை. அவளும் கொழுந்து பறிப்பவள். நான் விசயத்தைச் சுற்றி வளைத்தேன். விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், அதற்கு மேல் மாதாமாதம் ஒரு கடித உறை வரும், அதற்குச் சத்துணவுக் காசு என்று பேர், யாரிடமும் சொல்லக் கூடாது.

அவள் யோசித்தாள். "அப்ப வெளையாடுறதுக்குச் சம்பளமா சேர்?"

"சம்பளம் இல்லம்மா. சத்துணவு."

"வெளையாடாட்டிக் குடுப்பீங்களா?"

நான் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். அவள் சிரித்தாள். "அப்ப சம்பளந்தான்" என்று சொல்லிவிட்டு விடுகைப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பார்த்தீர்களா! பழைய மாணவர் சங்கம், கல்லூரி அதிபர், நான் என்று எத்தனையோ படித்தவர்கள் கூடிப் பேர் வைத்து மூடியதை அவள் ஒரே கேள்வியில் திறந்துவிட்டாள்.

இங்கே உங்களுக்கு ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். ஆகவே சம்பளத்துக்கே பேர் என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்குப் பேர் போட்டாங்களா?" என்றால் கூலி விழுந்ததா என்று அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். என் அம்மா வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், முழுப்பேரா அரைப்பேரா என்று. நான் கற்ற முதல் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

நான்காவது மாதம் லோகேஸ்வரனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு கிழமை மைதானத்தில் இறங்கவில்லை. மாத முடிவில் பரமேஸ்வரி மலையிலிருந்து பஸ்ஸில் வந்து கல்லூரி வாசலில் நின்றாள். கையில் நான் கொடுத்த உறை. பாதியை எடுத்து நீட்டினாள்.

"பாதி மாசந்தானே சேர் எறங்குனான். அரைப்பேர்தான் வரும்."

பஸ்காசு செலவழித்து, ஒரு நாள் வேலையை விட்டு வந்திருந்தாள் அவள்! "வச்சுக்குங்க, பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன். அரைப்பேர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தோம். எதிரே நின்றது யார்? அந்தத் தோட்டப் பாடசாலையேதான். தங்கள் சிறந்த பையனை இழந்த பிறகும் ரவீந்திரன் அவர்களை அதுவரை கொண்டு வந்திருந்தார். ஒன்றுக்குப் பூச்சியம். கோல் அடித்தவன் லோகேஸ்வரன். அடித்ததும் மற்றவர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவிழாத கயிற்றை...

ரவீந்திரன் முறைப்பாடு எழுதினார். காசு கொடுத்து ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று. நிரூபித்தால் கிண்ணம் அவர்களுக்கு. அதைவிட, மலையிலிருந்து ஆள் பிடிக்கும் வேலை அதோடு நிற்கும். அவர் கேட்டது அதைத்தான்.

போட்டிக் குழுவினர் மூன்று பேர் விசாரித்தார்கள். ஒரு பாடசாலையின் கூட்ட அறை. இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. மூன்றாமவர் இளைப்பாறிய அதிபர், கண்டி நகரத்து முஸ்லிம் பெரியவர், எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். நேர்மையான மனிதர். அவர்தான் தமிழில் கேட்டு மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார்.

விசாரணைக்கு முதல் நாளே நான் பரமேஸ்வரியிடம், காசு வாங்கவில்லை என்று சொல்லும்படி சொல்லியிருந்தேன். அவள் தலையாட்டினாள். ஆனால் வேலை செய்து வாங்கியதை வாங்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் நடந்தது.

"ஏன் புள்ளய இந்தக் கொலேஜுக்கு மாத்தினீங்க?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இங்க வெளையாடுனா பேர் போடுறாங்க சேர். அங்க பேர் இல்லியே."

"யாராச்சும் சல்லி தந்தாங்களா?"

"சும்மா ஒருத்தரும் குடுக்கல சேர். வெளையாடுன நாளுக்குத்தான் பேர் போட்டாங்க."

அவள் முழு உண்மையையும் சொல்லிவிட்டாள்! ஒரு சொல்கூட மிச்சமில்லை. ஆனால் ஹாஜியார் விளங்கிக்கொண்டது வேறு. அணியில் பையனின் பெயரைப் போட்டார்கள், காசு ஒருவரும் கொடுக்கவில்லை... நகரத்துக் காதில் அப்படித்தானே விழும்? அப்படியே சிங்களத்தில் சொன்னார். மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள்.

ரவீந்திரன் எழுந்துவிட்டார். "இல்ல சேர்! பேருன்னா சம்பளம்! தோட்டத்துல நாள் சம்பளத்தத்தான் பேருன்னு சொல்வோம். இவங்க காசு வாங்குனேன்னுதான் சொல்றாங்க!"

ஹாஜியார் குழம்பிப் போனார். அவர் கண் அறையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"மாஸ்டர், நீங்க தமிழ் படிச்சுக் குடுக்கிற ஆள்தானே. மனச்சாட்சிக்குச் சொல்லுங்க. பேருக்கு அப்பிடியும் ஒரு அர்த்தம் இருக்கா?"

யன்னலுக்கு வெளியே பையன்கள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. என் அம்மாவின் கூடை நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது! கூடை வந்தது, ஈரச் சாக்கு வந்தது, அரைப்பேர் விழுந்த நாட்களில் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது வந்தது. எல்லாம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். ஆகவே மறதி என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

"அப்படியொரு வழக்கை நான் கேள்விப்பட்டதில்லை" என்றேன். "பேர் என்றால் பெயர். புகழ் என்றும் கொள்ளலாம்."

பயமா? அதிபருக்கும் சங்கத்துக்கும் பயந்தேனா? அதுவும் உண்டு. ஆனால் உள்ளே கிண்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதிலாக லயத்தைச் சொல்ல வேண்டும், கூடையைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்... ஐயோ, வெறும் வெட்கம்!

ரவீந்திரன் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. சத்தம் போடவுமில்லை. மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

பேசியது பரமேஸ்வரிதான். "மன்னிச்சுக்குங்க சேர். எனக்குச் சரியாப் பேசத் தெரியல" என்றாள். உண்மையை நேராகப் பேசிய ஒரே ஆள் அவள். மன்னிப்புக் கேட்டதும் அவளே.

முறைப்பாடு தள்ளுபடியானது. வீண்பழி சுமத்தியதற்காக ரவீந்திரன் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது. கடிதம் என் பெயருக்கு வந்தது. "சொல்லின் பொருளைத் தவறாக விளங்கிக்கொண்டமைக்கு வருந்துகிறேன்." ஓர் எழுத்துப் பிழை இல்லை. பழக்கதோசத்தில் தேடிப் பார்த்தேன், வெட்கக்கேடு! அது இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

அடுத்த வருடப் போட்டி அட்டவணையில் அந்தப் பாடசாலை இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. நாங்கள் மலையிலிருந்து இன்னும் இரண்டு பையன்களைக் கொண்டு வந்தோம். இப்போது வழி சுத்தமாக இருந்தது அல்லவா?

லோகேஸ்வரனுக்கு அடுத்த பருவத்தில் முழங்கால் போனது. உறை நின்றது. படிப்பிலும் கவனிக்க ஆளில்லை. அவனைப் படிக்கவா கொண்டு வந்தோம்? ஒரு நாள் விடுதியில் அவன் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். நானும் தேடிப் போகவில்லை.

சென்ற மாதம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பரமேஸ்வரியைக் கண்டேன். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், அவளுக்கும் முடி நரைத்துவிட்டது. ஒளிந்துகொள்ள நினைத்தேன். அதற்குள் கண்டுவிட்டாள்.

"சேர்! நல்லா இருக்கீங்களா? மெலிஞ்சு போயிட்டீங்க."

லோகேஸ்வரன் கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் நிற்கிறானாம். குளிர் நாளில் கால் நோகுமாம். உறையை நிறுத்தியது பற்றி நான் எதையோ தொடங்கினேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அவள் விடவில்லை.

"அதுல என்ன சேர் இருக்கு? எறங்காத மாசத்துக்கு யாரு பேர் போடுவா? அது நாயந்தானே."

சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் கையைத் தொடுவதுபோல் வந்து, தொடாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"சேருக்கு அது வெளங்காதுல்ல... பேருன்னா எங்க தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் சேர்."

என்னை உண்மையாகவே நம்பியிருந்தாளா? அல்லது அன்று வாசலில் அரைப்பேர் என்றபோது நான் அர்த்தம் கேட்காததை இத்தனை வருடமும் மனதில் வைத்திருந்தாளா? அவள் முகத்தில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அதிபர் இல்லை, ஹாஜியார் இல்லை, எழுதிக்கொள்ள யாருமில்லை. எனக்குத் தெரியும் அம்மா, என் தாயும் கொழுந்து பறித்தவள்தான்... இவ்வளவுதானே! பஸ்ஸை எடுக்க இன்னும் நேரமிருந்தது.

"அப்படியா?" என்றேன்.

"ஆமாங்க சேர்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள்.